மேனேஜரின் கோரைப்பல்

ரப்பர் ஸ்டாம்ப் கடைக்காரர் வீட்டுப் பூனையின் பெயர் மேனேஜர். கடையில் மெத்தை வைத்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் நாள் முழுக்க உட்கார்ந்துகொண்டு, உள்ளே வருகிற வாடிக்கையாளர்களை ‘நீங்கள் ஏன் நாளைக்கு வரக் கூடாது’ என்பதுபோலப் பார்க்கும். கடைக்காரரின் அக்காதான் அந்தப் பெயரை வைத்தாள். அவள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நிறைய மேனேஜர்களைப் பார்த்திருக்கிறாள்.

அக்காவும் தம்பியும் கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். காலையில் எழுந்ததும் பூனையோடு யார் முதலில் பேசுவது என்பதில் மட்டும் அவர்களுக்குள் ஒரு போட்டி இருந்தது.

ஒரு நாள் காலை மேனேஜர் மீன் துண்டைக் கவ்வியது, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது, பிறகு துண்டைக் கீழே போட்டுவிட்டு மீன்தான் ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல முறைத்தது. மறுநாளும் அப்படியே. அதற்கப்புறம் தட்டுப் பக்கமே வரவில்லை. அக்கா அதை ஒரு துண்டில் சுருட்டி மடியில் அழுத்தி வைத்துக்கொண்டு மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள். மேனேஜர் தன் இஷ்டத்துக்கு அல்லாமல் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. அன்றைக்கும் திறக்கவில்லை. உதட்டைத் தூக்கியதற்கே அவள் முன்கை நெடுகக் கீறல் விழுந்தது. ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டாள். இடது பக்கத்துக் கோரைப்பல் பழுப்பேறியிருந்தது. ஈறு வீங்கிச் சிவந்திருந்தது. விரல் பட்டதும் பல் ஆடியது.

“இந்த ஒண்ணைப் பிடுங்கிட்டா போதும்டா. நாளைக்கே சாப்பிட ஆரம்பிச்சிடும்,” என்றாள்.

விஷயம் அவ்வளவுதான்.

தெருமுனையில் ஒரு விலங்கு மருத்துவர் இருந்தார். மேனேஜரைக் குட்டியிலிருந்து பார்த்தவர். கூடையோடு இருவரும் உள்ளே நுழைந்ததும் அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“என்ன தொந்தரவுன்னு சொல்றதுக்கு முன்னாடி யோசிச்சுச் சொல்லுங்க,” என்றார்.

“பல்லு,” என்றாள் அக்கா.

“சொல்லிட்டீங்களே.”

“ஒரு தடவை வாயைத் திறந்து பாருங்க, டாக்டர்.”

“வேண்டாம்மா. பார்த்தா எனக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா மேல சொல்லணும்.” ஜன்னலையும் சாத்தினார். “கழுத்துக்குக் கீழதான் இப்ப நான்.”

பூனைப் பல் நல நிலையம் தொடங்கப்பட்ட நாளிலிருந்து பூனை இரண்டு அதிகார எல்லைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கழுத்துக்குக் கீழே மருத்துவர்கள். கழுத்துக்கு மேலே நிலையம். மருத்துவரின் பெயர்ப்பலகையில் இருந்த பூனைப் படத்தின் தலையை நிலையத்து ஆட்கள் ஏணி வைத்து ஏறி வெள்ளையடித்து மறைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அது வால் முளைத்த தலையணை மாதிரி இருந்தது.

“தும்மல் வந்தா என்ன பண்ணுவீங்க?” என்று அக்கா கேட்டாள்.

“தும்மல் மூக்கு. அவங்க கணக்கு. இருமல்னா நெஞ்சு, என்கிட்ட வரலாம்.”

“ரெண்டும் சேர்ந்து வந்தா?”

“அதுக்கு ஒரு குழு போட்டிருக்காங்க.” மருத்துவர் கூடையின் பக்கம் பார்க்காமல் இருக்க மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆடுற பல்லுன்னா ரெண்டு நிமிஷ வேலைம்மா. மயக்க ஊசி போட்டா அதுக்குத் தெரியவே தெரியாது. ஆனா என் லைசென்ஸ் போயிடும். நிலையத்துக்கே போங்க. உங்க தம்பிக்குத்தான் அங்க பழக்கம் உண்டே.”

பழக்கம் உண்டுதான். நிலையத்தின் முத்திரைகள் எல்லாவற்றையும் செய்து கொடுத்தவர் அவர். அதிலே முக்கியமானது ‘நோயற்ற வாய்’ என்ற வட்ட முத்திரை. நடுவில் ஒரு பூனை சிரிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மேனேஜரை எதிரில் உட்காரவைத்து வரைந்தார். அது சிரிக்கவில்லை. கடைசியில் பூனை முகத்தில் அக்காவின் சிரிப்பை வைத்து ஒப்பேற்றினார். அதுவும் அபூர்வமாகக் கிடைக்கிற பொருள்தான்.

நிலையத்தின் வாசலில் காவலாளி கூடையைத் தொட்டுப் பார்த்தார்.

“என்ன இது?”

“பூனை.”

“பூனைக்கு உள்ள அனுமதி இல்லை.”

“இது பூனைப் பல் நிலையம்தானே?”

“ஆமா. அதனாலதான். உள்ள எல்லாம் எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க தெரியுமா?”

அக்கா கூடையோடு வெளியே மரத்தடியில் நின்றாள். தம்பி மட்டும் உள்ளே போனார். கூடத்தின் நடுவே ஒரு மேடையில் பிளாஸ்டரில் செய்த பூனை ஒன்று வாயை அகலமாகத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. உயிருள்ள பூனை அளவேதான். பற்கள் அவ்வளவு வெள்ளை. அதை ‘மாதிரி’ என்றார்கள். கூடத்தைக் கடந்த ஊழியர்கள் எல்லோரும் அதன் முன்னால் கொஞ்சம் நடையைத் தளர்த்தி, தலையைத் தாழ்த்திவிட்டுப் போனார்கள்.

பூனை வளர்ப்பவர்களுக்கு அங்கே வகுப்பு எடுக்கும் பயிற்சியாளர் ஒரு பெண்மணி. வெள்ளைக் கோட்டு, குழந்தையைத் தூங்கவைப்பது போன்ற குரல். அவரிடம் விஷயத்தைச் சொன்னதும், “வாயைத் திறங்க,” என்றார்.

“பூனை வெளியே இருக்கு, மேடம்.”

“உங்க வாயை.”

திறந்தார். பயிற்சியாளர் ஒரு சின்ன விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“டீ நிறையக் குடிப்பீங்களா? கறையைப் பாருங்க. கடைசியில ஒரு சொத்தை வேற. பூனை வீட்டுல யாரைப் பார்த்து வளருது? உங்களைப் பார்த்துத்தானே? முதல்ல நீங்க திருந்துங்க சார். அப்புறம் அதைப் பேசலாம்.”

ஆகவே கடைக்காரர் மனிதப் பல் மருத்துவரிடம் போனார். அவர் ஒரே மத்தியானத்தில் சொத்தையை அடைத்து, கறையைச் சுரண்டி, கண்ணாடியையும் காட்டினார். அவ்வளவு சுலபமாக நடந்தது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது கடைக்காரருக்கு ஓர் ஆசை வந்தது.

“டாக்டர், வீட்டுல இன்னொருத்தருக்கும் ஒரு பல் எடுக்கணும். ஆடிக்கிட்டுத்தான் இருக்கு.”

“கூட்டிட்டு வாங்க. வயசானவரா?”

“பூனை.”

பல் மருத்துவர் கையுறையைக் கழற்றினார். “எனக்குக் கழுத்துக்கு மேலதான். அது சரி. ஆனா ரெண்டு காலுக்கு மேல கூடாதே.”

பளபளக்கும் பற்களோடு அவர் நிலையத்துக்குத் திரும்பினார். பயிற்சி வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பு உறுதிமொழியோடு தொடங்கியது. ‘என் பூனையின் பல்லை என் பல்லாகக் கருதுவேன்’ என்று எழுந்து நின்று சொன்னார்கள். பிறகு ஒவ்வொருவராக மாதிரியின் முன்னால் போய் மண்டியிட்டு, மெல்லிய தூரிகையால் அதன் பற்களை வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது செல்லமாக ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லாவிட்டால் பூனை பயப்படுமாம்.

கடைக்காரருக்குச் செல்லப் பேச்சு வரவில்லை. வீட்டில் அது அக்காவின் இலாகா. “நல்லா இருக்கீங்களா?” என்று பிளாஸ்டர் பூனையிடம் கேட்டார்.

“பாசம் போதலை,” என்றார் பயிற்சியாளர்.

அவருக்கு முன்னால் தேய்த்தவர் ஒரு டாக்சி டிரைவர். “என் கண்ணு, என் ராசா, கொஞ்சம் ஆன்னு சொல்லு,” என்று அவர் உருகியதில் வகுப்பே நெகிழ்ந்துவிட்டது. ஆனால் எல்லோரையும்விட நன்றாகத் தேய்த்தது பேக்கரிக்காரம்மாதான். அவள் கை நடுங்காமல், ஈறோரம் தவறாமல், ஒவ்வொரு பல்லாகப் போனாள். பயிற்சியாளர் கையைத் தட்டி எல்லோரையும் கவனிக்கச் சொன்னார்.

“இந்தம்மாவைப் பார்த்துக் கத்துக்குங்க. வகுப்புக்கு வர ஆரம்பிச்சப்போ இவங்க பூனைக்கு வாயெல்லாம் புண்ணு. இப்ப அதுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.”

இடைவேளையில் கடைக்காரர் அவளிடம் போனார். “எப்படிம்மா சரியாச்சு?”

“செத்துப்போச்சு,” என்றாள் பேக்கரிக்காரம்மா. கையிலிருந்த பிளாஸ்டர் தூளைத் தட்டிவிட்டாள். “பாதியில நின்னுட்டா அடுத்த பூனை வளர்க்க விடமாட்டாங்களாம். அதான் வந்துட்டிருக்கேன்.”

“வளர்க்கப் போறீங்களா?”

“இல்லை. ஆனா விடமாட்டோம்னு சொன்னா மனசு கேக்குதா?”

இதற்குள் மேனேஜரின் முதுகெலும்பு தடவினால் கையில் தட்டத் தொடங்கியிருந்தது. அக்கா மீனை வேகவைத்து, முள்ளெடுத்து, பால்போல அரைத்து, மருந்து ஊற்றும் சின்னக் குழாயால் வாயோரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பாதி உள்ளே போனது. மீதி அவள் உடையில் வழிந்தது. தெருமுனை மருத்துவர் ஒரு நாள் தானாகவே வந்து, பூனையின் இடுப்பில் வலிக்கு ஓர் ஊசி போட்டுவிட்டுப் போனார். “இடுப்பு என் எல்லைதான். வலி எங்கேன்னு நான் கேட்கலை, நீங்களும் சொல்லலை,” என்றார். அந்த ஊசி வேலை செய்த கொஞ்ச நேரம் மேனேஜர் பழையபடி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, ஒரு வாடிக்கையாளரை முறைக்கக்கூட முறைத்தது. அக்காவுக்கு அன்றைக்கு முழுக்க நல்ல மனநிலை.

அதற்கு மறுநாள் அவளே நூலைக் கட்டிப் பல்லைப் பிடுங்கப் பார்த்தாள். மேனேஜர் அலமாரிக்கு அடியில் போய்விட்டது. சாயங்காலம்வரை வெளியே வரவில்லை.

ஒருவழியாகச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். கடைக்காரர் கூடையோடு போனார்.

“பூனையை ஏன் கொண்டு வந்தீங்க?” என்று பயிற்சியாளர் கேட்டார். முதல்முறையாக அந்தக் குரலில் ஒரு சிடுசிடுப்பு.

“சிகிச்சைன்னு சொன்னீங்களே, மேடம்.”

“சிகிச்சைதான். அதுக்குப் பூனை எதுக்கு?”

கூடையை வாசலில் காவலாளியிடம் விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். ஒரு நிபுணர் வந்தார். முகமூடி, கையுறை, தட்டு நிறையக் கருவிகள். எந்தப் பல் என்று கேட்டார். மாதிரியின் இடது கோரைப்பல்லில் சிவப்பு மையால் புள்ளி வைத்தார். குறட்டால் பிடித்து, ஒரு திருகு திருகி, இழுத்தார். பிளாஸ்டர் தூள் பறந்தது. நின்றிருந்த ஊழியர்கள் கைதட்டினார்கள்.

“பார்த்தீங்களா? ஒரு முனகல்கூட இல்லை,” என்றார் பயிற்சியாளர்.

“அது பிளாஸ்டர், மேடம்.”

“எங்ககிட்ட வர்ற எல்லாப் பூனைக்கும் சிகிச்சை இதுலதான் சார். ஒவ்வொரு பூனைக்கும் வாய் ஒவ்வொரு மாதிரி. அதையெல்லாம் பார்த்துக்கிட்டிருந்தா தரத்தை எப்படிக் காப்பாத்துறது?”

நிபுணர் புதுப் பல் ஒன்றை எடுத்துப் பசை தடவி ஒட்டினார். மாதிரி மறுபடியும் முப்பது பல்லும் தெரியச் சிரித்தது. பயிற்சியாளர் ஓர் அட்டையை எடுத்து, வட்ட முத்திரையை மையில் அழுத்தி, அதன்மேல் குத்தினார். ‘நோயற்ற வாய்’. நடுவில் அக்காவின் சிரிப்பு.

வீட்டில் அக்கா அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“சரி. குணமாயிடுச்சுன்னு மேனேஜருக்கு யார் சொல்றது? நீ சொல்றியா, நான் சொல்லவா?”

தம்பி அட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு இயக்குநரைப் பார்க்கப் போனார்.

இயக்குநர் நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பேசும்போது அவருடைய கட்டிய பற்கள் மெல்லத் தட்டிக்கொண்டன. சாலையில் தூரத்தில் ஒரு குதிரை போவதுபோல. அவர் எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார், டீ கொடுக்கச் சொன்னார், எல்லாவற்றையும் கேட்டார்.

“உங்க வருத்தம் எனக்குப் புரியுது,” என்றார். “ஆனா எங்க பக்கமும் பாருங்க. இந்த நிலையம் ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு சொத்தைப் பல்லுகூட இந்தக் கட்டடத்துக்குள்ள வந்ததில்லை. சாதாரண விஷயமா? வேற எந்த மருத்துவமனையாவது அப்படிச் சொல்ல முடியுமா? நோயாளியை உள்ள விட்டுட்டு, அப்புறம் எங்ககிட்ட நோயே இல்லைன்னு எப்படிச் சொல்றது?”

“அப்ப நோய் வந்த பூனை எங்க போகும், சார்?”

“அருமையான கேள்வி. நானே யோசிச்சிருக்கேன்.” குதிரை சற்று நின்றது. “நோய் இருக்குன்னு தெரிஞ்சா, நீங்க எதுக்கு இருக்கீங்கன்னு மேலிடத்துல கேட்பாங்க. நோயே இல்லைன்னு ஆயிட்டாலும், நீங்க எதுக்கு இருக்கீங்கன்னு கேட்பாங்க. அதனால நோய் கொஞ்சம் இருக்கணும். ஆனா வாசலுக்கு அந்தப் பக்கம் இருக்கணும். அந்த இடத்துலதான் உங்களை மாதிரி ஆட்களோட ஒத்துழைப்பு தேவைப்படுது.”

கடைக்காரர் டீயைக் குடிக்காமல் வைத்தார். கறை படியுமே என்ற பயம்.

“என்னையே பாருங்க,” என்று இயக்குநர் அன்போடு சொன்னார். “சின்ன வயசுல பல் வலி உயிரை எடுக்கும். இது போச்சு, அது போச்சுன்னு எத்தனை நாள் அலைஞ்சேன். ஒரு நாள் எல்லாத்தையும் எடுத்துப் போட்டேன். இன்னிக்கு வரைக்கும் வாயில ஒரு பிரச்சினை இல்லை.” பிறகு ஏதோ நினைவு வந்தவராக, “ஆண்டு விழா வருது. முத்திரை தேய்ஞ்சுபோச்சு. புதுசா ஒண்ணு செஞ்சு கொண்டாந்துடுங்க,” என்றார்.

நிலையத்தை நடத்தும் துறையின் தலைவரே விழாவுக்கு வருகிறார் என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். அக்காதான் யோசனை சொன்னாள்.

“பெரிய ஆளு. அவர் கண்ணுல ஒரு தடவை பட்டுட்டா போதும். ‘பிடுங்குங்கய்யா’ன்னு ஒரு வார்த்தை சொன்னா அப்புறம் யாருடா தடுக்கப் போறாங்க?”

“உள்ள விடணுமே.”

“முத்திரை கொண்டு வந்திருக்கேன்னு சொல்லு. கூடைக்குள்ள என்ன இருக்குன்னு யார் பார்க்கப் போறாங்க? அது கத்தக்கூட மாட்டேங்குதுடா இப்பல்லாம்.”

அது உண்மை. மேனேஜர் இப்போது கத்துவதில்லை. வலியில் வாயை முழுதாக மூடவும் முடியவில்லை. பாதி திறந்த வாயோடு எதையோ சொல்ல வந்து மறந்துவிட்டது போல இருந்தது.

பின்வாசல் வழியாக இருவரையும் உள்ளே விட்டார்கள். மண்டபத்தில் டாக்சி டிரைவரும் பேக்கரிக்காரம்மாவும் முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் மாதிரியைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஊழியர்கள் வந்தார்கள். தலைப்பக்கம் பிடிப்பவர்தான் புகைப்படத்தில் விழுவார். இருவருமே தலைப்பக்கத்துக்கு வந்தார்கள். வால் பக்கம் யாரும் இல்லை. மாதிரி வாலிலிருந்து கீழே இறங்கி, தரையில் பட்டு, தலை தனியாக, தாடை தனியாக உருண்டது. பற்கள் படிக்கட்டுவரை சிதறின.

வெளியே காரின் கதவு சாத்தும் சத்தமும் வரவேற்பு மேளமும் கேட்டன. இயக்குநரின் பார்வை மெதுவாக அலைந்து அக்காவின் கையிலிருந்த கூடையில் வந்து நின்றது. விலகியிருந்த மூடி வழியாகப் பாதி திறந்த வாய் ஒன்று அவரைப் பார்த்தது.

“இது அசையுமா?”

“அசையத் தெம்பு இல்லைங்க. சாப்பிட்டு நாளாச்சு,” என்றார் கடைக்காரர்.

“ரொம்ப நல்லது,” என்றார் இயக்குநர்.

பயிற்சியாளர் தன் கைப்பையிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். சாம்பல் நிறப் பூனை வெள்ளைப் பூனையாயிற்று. அக்கா தடுக்கப் போனாள். தம்பி அவள் கையைப் பிடித்தார். “தலைவரே கிட்ட வந்து பார்ப்பார் அக்கா. நாம கேட்டது அதுதானே? இதைவிடக் கிட்ட யார் கொண்டு போய்க் காட்டப் போறாங்க?”

திரை விலகியது. நடுவில் மேனேஜர் உட்கார்ந்திருந்தது. இயக்குநர் ஒரு குச்சியால் அதன் வாயைச் சுட்டிக் காட்டினார். விளக்கு வெளிச்சத்தில் கோரைப்பல் கறுப்பாக, ஈறு புண்ணாக, கடைசி வரிசைவரை தெரிந்தது.

“பெரியோர்களே, பாருங்கள். ஒரு கறை உண்டா?”

டாக்சி டிரைவர் பார்த்தார். பேக்கரிக்காரம்மா பார்த்தாள், அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்று எல்லோரும் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார்கள்.

“இல்லை,” என்றது கூட்டம்.

அந்தச் சத்தத்துக்குள் தன் குரலும் இருந்ததைக் கடைக்காரர் கேட்டார்.

துறைத் தலைவர் பேச எழுந்தார். “தினமும் எத்தனையோ பேர் என்னைப் பார்க்க வருகிறார்கள்,” என்றார். “எல்லோருக்கும் வாய் இருக்கிறது. திறந்தால் குறை. சாலை சரியில்லை, தண்ணீர் வரவில்லை. இந்தப் பூனையைப் பாருங்கள். நான் வந்ததிலிருந்து வாயைத் திறந்துதான் வைத்திருக்கிறது. ஒரு புகார் வந்ததா? நம் மக்கள் இதனிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.”

கைதட்டல் ஓய்ந்ததும் வெள்ளித் தூரிகையைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். அடையாளத்துக்கு ஒரு பல்லைத் தேய்த்துவிட்டால் விழா தொடங்கியதாக அர்த்தம். தலைவர் புகைப்படக்காரர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெருவிரலால் மாதிரியின் உதட்டைத் தூக்கி, இடது கோரைப்பல்லில் தூரிகையை வைத்து அழுத்தினார்.

சாப்பிடாமல் இருந்த இத்தனை நாளும் மேனேஜர் எதைச் சேர்த்து வைத்திருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. தாடை மூடியது. தலைவர் கையை உதறினார். பூனையும் கையோடு கொஞ்சம் தூரம் போய், பவுடர் பறக்கத் தரையில் விழுந்தது. தலைவரின் பெருவிரலில் அந்தப் பல் நட்டுவைத்ததுபோல நின்றது.

இயக்குநர்தான் முதலில் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“நிலையத்தின் வரலாற்றில் முதல்முறையாக,” என்றார், பற்கள் நாலுகால் பாய்ச்சலில் தட்ட, “உயிருள்ள ஒரு பூனைக்கு, எந்தக் கருவியும் இல்லாமல், துறைத் தலைவர் தம் கையாலேயே பல் எடுத்திருக்கிறார்.”

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்த தலைவர், தான் சிரிக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டு சிரித்தார்.

மேனேஜர் மேடையிலிருந்து இறங்கி, கால்களுக்கு நடுவே நுழைந்து, அக்காவிடம் வந்தது. வாயோரத்தை நக்கிக்கொண்டது. அக்கா அவசரமாகத் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு மீன் துண்டைக் கீழே வைத்தாள். மோந்து பார்த்தது. தலையை மறுபக்கம் சாய்த்துக் கடித்தது. நாற்காலிகளுக்கு அடியில், அந்தக் கைதட்டலுக்கு நடுவில், மென்று தின்றது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “சொன்னேன்ல. ஒரே ஒரு பல்லு,” என்றாள்.

டப்பா காலியாவதற்குள் கையுறை போட்ட இரண்டு பேர் வந்தார்கள். பூனை இனி நிலையத்துக்குச் சொந்தம் என்றார்கள். முதல் வெற்றி, தவிரவும் மாதிரி உடைந்துவிட்டது, தவிரவும் கடித்திருக்கிறது. மூன்று காரணமும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்ததால் மறுத்துச் சொல்ல இடமில்லை.

அடுத்த நாள் கடைக்காரர் வாசலில் போய் நின்றார்.

“உள்ள போக முடியாது,” என்றார் காவலாளி.

“இப்ப கையில கூடைகூட இல்லையே.”

“உள்ள பூனை இருக்கு. அதனால வெளியாளுக்கு அனுமதி இல்லை.”

தினமும் போனார். தினமும் அதே பதில். அக்கா காலையில் எழுந்ததும் பேச யாரும் இல்லாமல் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைக்கத் தொடங்கினாள்.

ஒரு நாள் மத்தியானம் தெருமுனை மருத்துவர் கடைக்குள் வந்தார். கையில் அவர்களுடைய கூடை. மேசைமேல் வைத்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“வச்சிருக்க முடியலையாம். மேடையில உக்காத்தி வச்சா இறங்கி இறங்கிப் போகுதாம். புதுசா ஒரு பிளாஸ்டர் செஞ்சுட்டாங்க. அதனால திருப்பி அனுப்பிட்டாங்க.”

அக்கா மூடியைத் திறந்தாள். மேனேஜர் எழுந்திருக்கவில்லை. முகம் முன்பைவிடச் சின்னதாக, கன்னம் உள்வாங்கி இருந்தது.

“என்னைக் கூப்பிட்டு அனுப்பினாங்க,” என்றார் மருத்துவர். “கழுத்துக்கு மேல போக எனக்குத் தனியா அனுமதி கொடுத்தாங்க. கையெழுத்து, முத்திரை எல்லாம் வச்சு. இனிமே கடிக்கக் கூடாது, இனிமே சொத்தை வரக் கூடாது, ரெண்டுக்கும் சேர்த்து ஒரே வழிதான்னு இயக்குநர் சொன்னார்.”

“எத்தனை?” என்று அக்கா கேட்டாள்.

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். “எல்லாம் நல்ல பல்லும்மா. ரொம்ப உறுதி. எடுக்கிறதுக்குக் கஷ்டமா இருந்துச்சு.”

“நாங்க அன்னிக்குக் கேட்டப்போ ரெண்டு நிமிஷம்னீங்க, டாக்டர்.”

“அன்னிக்கு அனுமதி இல்லையேம்மா,” என்றார் மருத்துவர்.

கூடையின் அடியில் ஒரு புது அட்டை இருந்தது. ‘நோயற்ற வாய்’. மை அழுத்தமாக, ஓரமெல்லாம் சுத்தமாக விழுந்திருந்தது. விழாவுக்கென்று கடைக்காரர் செய்து கொடுத்த புது முத்திரை. நல்ல வேலை.

இப்போது வாரம் தவறாமல் பயிற்சியாளர் வீட்டுக்கு வருகிறார். நிலையத்தின் பரிசாக ஒரு மெல்லிய தூரிகையும் வந்திருக்கிறது. அவர் எதிரில் தேய்த்துக் காட்ட வேண்டும்.

“எதைத் தேய்க்கிறது?” என்று அக்கா முதல் நாள் கேட்டாள்.

“பழக்கம் விட்டுப்போகக் கூடாதும்மா. பாசமா ஏதாவது பேசிக்கிட்டே தேய்ங்க.”

அக்கா பேசுவதில்லை. தம்பிதான் தேய்க்கிறார். வகுப்பில் வராத செல்லப் பேச்சு இப்போது அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. பயிற்சியாளரும் முன்னேற்றம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மேனேஜர் அரைத்த மீனை நக்கிக் குடிக்கிறது. உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. பகலில் வழக்கம்போல மெத்தை நாற்காலியில் ஏறிக்கொள்கிறது. ஆனால் வாடிக்கையாளர் யார் உள்ளே வந்தாலும் இப்போதெல்லாம் முறைப்பதில்லை. காலடிச் சத்தம் கேட்டதுமே கண்களை இறுக மூடிக்கொண்டு, யாரும் சொல்லாமலே வாயை அகலமாகத் திறக்கிறது. வந்தவர் வேலை முடிந்து போகும்வரை மூடுவதில்லை.